திருப்புளி நுழையாத பெட்டி

புதிய மடிக்கணினி வாங்கச் செல்வோர் பெரும்பாலும் திரையின் பொலிவையும் விலைச்சீட்டையும் பார்க்கின்றனர். கணினி ஆர்வலரோ கருவியைத் தலைகீழாகத் திருப்பி அடிப்புறத்தைப் பார்க்கிறார். அங்கே எத்தனை திருகாணிகள் உள்ளன, மூடியைக் கழற்றினால் நினைவகத்தைக் கூட்ட இடம் இருக்குமா, மின்கலம் திருகாணியால் பொருத்தப்பட்டதா பசையால் ஒட்டப்பட்டதா என்பனவே அவருடைய கேள்விகள். விற்பனையாளருக்கு இவை வியப்பைத் தரலாம். சில வேளைகளில் எரிச்சலையும் தரலாம். பணம் கொடுத்துப் பெற்ற பொருளின் உள்ளே கை வைக்க வழியில்லை என்றால், அதை வாங்கியதாகக் கொள்வதா, வாடகைக்கு எடுத்ததாகக் கொள்வதா என்பது ஆர்வலரின் தீராத ஐயம். கணினி, கைப்பேசி, விளையாட்டு என எதைப் பற்றிப் பேசினாலும் அவருடைய பேச்சு இந்த ஐயத்திடமே வந்து நிற்கும்.

விளம்பரத்தில் வரும் எண்களை அவர் எளிதில் ஏற்பதில்லை. 1 டெராபைட் என்று அட்டையில் அச்சிட்ட வன்தட்டைக் கணினியில் இணைத்தால் விண்டோஸ் இயங்குதளம் 931 ஜிகாபைட் என்றே காட்டும். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று பலர் எண்ணுகின்றனர். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி ஒரு லட்சம் கோடி பைட்டுகளைக் கணக்கிடுகிறார். இயங்குதளமோ 1024ஆல் வகுத்துக்கொண்டே போகிறது. ஒரே நெல்லை இரு வேறு மரக்கால்களால் அளந்தது போன்றதே இது. ஆயினும் இரண்டு மரக்கால்களில் எண் பெரிதாகத் தெரிவதே எப்போதும் அட்டையில் அச்சேறுகிறது என்பதையும் ஆர்வலர் சுட்டிக்காட்டத் தவறுவதில்லை.

செயலியின் வேகத்தைக் குறிக்கும் ஜிகாஹெர்ட்ஸ் எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. தனிநபர் கணினிகளுக்கான செயலிகள் 2000ஆம் ஆண்டில் 1 ஜிகாஹெர்ட்ஸைத் தொட்டன. 2004இல் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் 4 செயலி 3.8 ஜிகாஹெர்ட்ஸை எட்டியது. அடுத்து 4 ஜிகாஹெர்ட்ஸ் வரும் என்று எல்லோரும் காத்திருந்தபோது, அந்நிறுவனம் அத்திட்டத்தை அதே ஆண்டில் கைவிட்டது. வேகத்தோடு வெப்பமும் ஏறியதே அதற்குக் காரணம். அதன்பின் ஒரே சில்லில் பல உள்ளகங்களை அமைக்கும் வழி மேலோங்கியது. எனவே வேக எண்ணை மட்டும் வைத்து ஒரு கணினியைத் தேர்ந்தெடுப்பது, மாட்டின் கொம்பை மட்டும் பார்த்து விலை பேசுவதற்கு ஒப்பாகும்.

பழைய கணினி மெதுவாக இயங்குவதற்குச் செயலியின் முதுமையே காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. பல நேரங்களில் குற்றவாளி வன்தட்டுதான். மடிக்கணினியின் வன்தட்டு நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் ஒரு தகடு; அதன்மேல் ஒரு கை நகர்ந்து, வேண்டிய இடம் சுழன்று தன்கீழ் வரும்வரை காத்திருந்து, பிறகே தரவைப் படிக்கிறது. இதற்குப் பத்து மில்லிநொடிகளுக்கும் மேல் ஆகும். கேட்பதற்கு அது சிறு நேரம்தான். ஆனால் 3 ஜிகாஹெர்ட்ஸ் செயலி அதற்குள் 3 கோடி முறை துடித்துவிடுகிறது. திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லாததால் அந்தக் காத்திருப்பு ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. வீசி எறியப்படவிருந்த கணினி ஒன்று இந்த ஒரு மாற்றத்தால் மீண்டும் பயன்பாட்டுக்கு வருவதைக் காணும் மகிழ்ச்சி, புதிய கணினி வாங்குவதில் ஆர்வலருக்குக் கிடைப்பதில்லை. விசிறியில் படிந்த தூசியைத் துடைப்பதும், செயலிக்கும் அதன் வெப்பத்தை உறிஞ்சும் உலோகத்திற்கும் இடையே உலர்ந்துபோன வெப்பப்பசையைப் புதுப்பிப்பதும் இத்தகைய வேலைகளே. சூடு எல்லை மீறினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் அது இன்னும் விரைவில் நிகழும்.

ஆனால் இவையெல்லாம் பெட்டி திறந்தால் மட்டுமே நடக்கும். பெட்டி திறக்க வேண்டுமா என்னும் வழக்கு தனிநபர் கணினியின் பிறப்பிலேயே தொடங்கிவிட்டது.

1975ஆம் ஆண்டு சனவரியில் ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ என்னும் அமெரிக்க இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்னும் கணினி இடம்பெற்றது. அதற்கு விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை. முகப்பில் வரிசையாக ஆளிகளும் சிறு விளக்குகளும் மட்டுமே இருந்தன. அடிப்படை நினைவகம் 256 பைட்டுகள். உதிரி உறுப்புகளாகவே அதை வாங்கி வீட்டில் தாமே பற்றவைத்துக்கொள்ளலாம். அக்கருவி தூண்டிய ஆர்வத்தால் அதே ஆண்டு மார்ச்சு மாதம் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஒரு வீட்டின் வண்டிக் கொட்டகையில் ஹோம்புரூ கணினிக் கழகம் முதன்முதலாகக் கூடியது. அங்கே சுற்று வரைபடங்கள் கைமாறின. யாரும் எதையும் மறைக்கவில்லை. அக்கழகத்திற்கு வந்துகொண்டிருந்த இளம் பொறியாளர் ஸ்டீவ் வோஸ்னியாக், 1977இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினியை வடிவமைத்தார்.

அதில் கூடுதல் அட்டைகளைச் செருகுவதற்கு எட்டுச் செருகுவாய்கள் அமைந்தன. அச்சுப்பொறிக்கு ஒன்று, தொலைபேசி இணைப்புக் கருவிக்கு ஒன்று என இரண்டே போதும் என்றார் உடன்நிறுவனரான ஸ்டீவ் ஜாப்ஸ். வோஸ்னியாக் இசையவில்லை. வாங்குவோர் எதைச் செருக விரும்புவர் என்பதை வடிவமைப்பவர் முன்கூட்டியே அறிய முடியாது என்பது அவர் கட்சி. எட்டும் நிலைத்தன. கருவியின் மேல்மூடியைத் திருப்புளி இன்றிக் கையாலேயே தூக்கிவிடலாம். 1980இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் வேறொரு செயலியையே ஓர் அட்டையில் பொருத்தி அச்செருகுவாய்க்கென விற்றது. அதைச் செருகியதும் ஆப்பிள் கணினி தனக்கு அயலான மென்பொருள்களையும் இயக்கியது. வடிவமைத்தவர் கணக்கிலேயே இல்லாத பயன் அது. ஆப்பிள் 2 வரிசை 1993 வரை தயாரிப்பில் இருந்தது.

1984இல் ஜாப்ஸின் வழிகாட்டுதலில் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினியில் ஒரு செருகுவாய்கூட இல்லை. அதன் திருகாணிகள் ஆழமான குழிகளுக்குள் புதைந்திருந்தன. நட்சத்திர வடிவ முனையும் நீண்ட தண்டும் உடைய திருப்புளி இல்லாமல் அவற்றை எட்டவே முடியாது. உருவாக்கிய குழுவினர் தம் கையொப்பங்களை அப்பெட்டியின் உட்புறச் சுவரில் வார்த்திருந்தனர். ஓவியர் தம் ஓவியத்தில் ஒப்பமிடுவது போல என்று அதற்கு விளக்கம் கூறப்பட்டது. எவரும் திறக்கக் கூடாது என்று கருதிச் செய்த பெட்டிக்குள் எவருக்காக ஒப்பமிட்டனரோ! சாளரங்களும் சுட்டியும் கொண்டு பொதுமக்களுக்குக் கணினியை எளிதாக்கியது மெக்கின்டாஷே என்பதை மறுப்பதற்கில்லை. எளிமைக்கும் பூட்டுக்கும் கட்டாயத் தொடர்பு இல்லை என்பதே ஆர்வலரின் வாதம்.

கணினி விளையாட்டு என்றதும் நேரக்கேடு என்று முகம் சுளிப்போர் உண்டு. கணினியின் வரலாறு அவர்களுக்கு முழுமையாகத் துணைநிற்காது. ஆப்பிள் 2இல் வண்ணமும் ஒலியும் இடம்பெற்றதற்கு, ‘பிரேக்அவுட்’ என்னும் பந்து விளையாட்டை அதில் மென்பொருளாக எழுத வேண்டும் என்னும் வோஸ்னியாக்கின் ஆசையும் ஒரு காரணம். 1993இல் வெளிவந்த ‘டூம்’ விளையாட்டை உருவாக்கியோர் அதன் களங்களையும் படங்களையும் தனிக் கோப்புகளில் வைத்தனர். விளையாடுவோர் புதிய களங்களைத் தாமே படைக்கட்டும் என்பது நோக்கம். 1997இல் அதன் மூலநிரலையும் வெளியிட்டனர். விளையாட வந்த சிறுவர் பலர் நிரல் எழுதக் கற்றுக்கொண்டது இத்தகைய திறந்த கதவுகளின் வழியாகத்தான்.

வரைகலை அட்டையின் கதை இன்னும் சுவையானது. 1920க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் படப்புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 சட்டகங்கள் வேண்டுமெனில் 16.7 மில்லிநொடிக்கு ஒருமுறை அத்தனை புள்ளிகளின் நிறத்தையும் கணக்கிட வேண்டும். கணக்கு ஒவ்வொன்றும் சிறியது. ஆனால் எண்ணிக்கை மலைக்க வைக்கும். எனவே ஒரு பேரறிஞரை அமர்த்துவதற்கு மாறாக, நாற்று நடும் மகளிர் போல வரிசையாக நின்று ஒரே வேலையைச் செய்யும் நூற்றுக்கணக்கான சிறு கணக்கர்களை ஒரு சில்லில் அமர்த்தினர். விளையாடும் இளைஞர்கள் கொடுத்த பணத்தில் இச்சில்லுகள் ஆண்டுதோறும் வளர்ந்தன. 2012இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கேவர், ஜெப்ரி ஹின்டன் ஆகியோர் படங்களை இனங்காணும் நரம்புப் பின்னல் ஒன்றைப் பயிற்றுவிக்க, தலா 3 ஜிகாபைட் நினைவகம் கொண்ட இரண்டு விளையாட்டு வரைகலை அட்டைகளைப் பயன்படுத்தினர். 12 லட்சம் படங்களைக் கொண்ட அப்பயிற்சி ஐந்தாறு நாள்களில் முடிந்தது. இன்றைய செயற்கை நுண்ணறிவு அலையின் தொடக்கங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. ஹின்டன் 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். கடையில் எவரும் வாங்கக்கூடிய, எந்த மேசைக் கணினியிலும் செருகக்கூடிய அட்டைகள் அவை என்பது ஆர்வலருக்குப் பெருமை.

அப்பெருமை சில நேரம் வீண்பெருமையாகவும் மாறுவதுண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழு வண்ண விளக்குகளை ஒளிரவிடுவதால் ஒரு சட்டகம்கூடக் கூடுவதில்லை. சராசரி வேகத்தை மட்டும் சொல்லி மார்தட்டுவோர், நடுவே ஒரு சட்டகம் 100 மில்லிநொடி தாமதித்தாலும் விளையாடுபவரின் கண் அதைக் கண்டுகொள்ளும் என்பதை மறந்துவிடுகின்றனர். 4கே திரையில் நான்கு மடங்கு புள்ளிகள் உண்டு. மடிக்கணினித் திரையின் அளவில் அந்த வேறுபாட்டைக் கண்கள் உணர்வது அரிது. அட்டைக்கு மட்டும் நான்கு மடங்கு வேலை. தேவையை அளந்து வாங்கத் தெரியாத ஆர்வலரும் விளம்பரத்தின் வாடிக்கையாளரே.

விளையாட்டு இன்று வேறொரு வகையில் பூட்டப்பட்டுவருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பரிசுப் பெட்டிகளைப் பணம் கொடுத்துத் திறக்கச் சொல்லும் விளையாட்டுகள் பெருகின. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் அத்தகைய சிலவற்றைச் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது. 2014இல் வெளிவந்த ‘தி குரூ’ என்னும் கார்ப்பந்தய விளையாட்டின் வழங்கிகளை அதன் நிறுவனமான யூபிசாஃப்ட் 2024 மார்ச்சில் நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதை விளையாட முடியாமல் போயிற்று. குறுவட்டு அலமாரியில் அப்படியே இருந்தது. வாங்கியது விளையாட்டை அன்று, அதைப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே என்பது பலருக்கு அன்றுதான் உறைத்தது.

கைப்பேசியில் இப்பூட்டு பசை வடிவில் வந்தது. லித்தியம் அயனி மின்கலம் தேய்ந்தே தீரும். அது வேதியியலின் இயல்பு. முன்பு நகத்தால் நெம்பிப் பின்மூடியைத் திறந்து மின்கலத்தை மாற்ற முடிந்தது. பின்னர் அது கண்ணாடிக்கும் பசைக்கும் இடையே சிறைப்பட்டது. கருவி மெலிந்தது, நீர் புகாமல் காக்கப்பட்டது என்று தயாரிப்பாளர்கள் கூறுவது பொய்யன்று. மழையில் நனைந்தும் பிழைத்த கைப்பேசிகள் பல. ஆனால் தேய்ந்த ஓர் உறுப்புக்காக முழுக் கருவியையும் கைவிடச் செய்வது எவ்வகைச் சிக்கனம்? மின்கலம் தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள்வழிக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. அவை திடீரென நின்றுவிடாமல் இருக்கவே அவ்வாறு செய்ததாக விளக்கமளித்து, மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. கைப்பேசி பழசாகிவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்கியோரில் எத்தனை பேருக்கு ஒரு மின்கலமே போதுமானதாக இருந்திருக்கும்! 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்கிறது ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது கால்பங்குக்கும் குறைவே.

இந்நிலையைச் சட்டங்கள் மெல்ல அசைக்கத் தொடங்கியுள்ளன. கையடக்கக் கருவிகளின் மின்கலங்களைப் பயனரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்னும் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, சில விலக்குகளுடன், 2027 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வருமாறு இயற்றப்பட்டுள்ளது. இந்தியாவில் பழுதுநீக்கும் உரிமை பற்றி ஆராய நடுவண் அரசு 2022இல் ஒரு குழுவை அமைத்தது. சட்டத்திற்குக் காத்திராமல், சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழுதுநீக்குவோர் இப்பூட்டுகளை நாள்தோறும் திறந்துகொண்டுதான் இருக்கின்றனர். வெப்பத்தால் பசையை இளக்கி, மெல்லிய தகட்டைக் கண்ணாடியின் விளிம்பில் செலுத்தி, உடையாமல் பிரித்தெடுக்கும் அவர்களுடைய கைப்பழக்கம் நீண்ட காலப் பயிற்சியால் வந்தது.

பழைய மடிக்கணினி ஒன்றை முதன்முதலாகத் திறப்பவருக்கு ஆர்வலர் சொல்லும் முறை எளிது. மின்னிணைப்பை நீக்கி, மின்கலத்தைக் கழற்ற வேண்டும். மின்கலம் உப்பியிருந்தால் அதைத் தொடாமல் பழுதுநீக்குவோரிடம் கொண்டுசெல்ல வேண்டும். உடலில் தங்கிய நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும் என்பதால், முதலில் ஓர் உலோகப் பொருளைத் தொட்டுக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் அடிப்புறத்தின் படத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். அவை எல்லாம் ஒரே நீளமுடையன அல்ல. குட்டைத் திருகாணியின் குழியில் நெட்டையானதை முறுக்கினால் அது தாய்ப்பலகையைத் துளைத்துவிடலாம். சேமிப்பகத்தை மாற்றி, விசிறியைத் துடைத்து, எல்லாவற்றையும் மூடிய பின் தாளில் ஒரு திருகாணி மிஞ்சிக் கிடந்தால், மீண்டும் முதலிலிருந்து கழற்ற வேண்டியதுதான்.