காவலூர் பார்த்த நிழலும் நுரையீரல் சிடி ஸ்கேனும்

ஜவ்வாது மலைக்குப் போறவங்க காவலூர் வானோக்கு நிலையத்தையும் ஒரு எட்டு பார்த்துட்டு வருவாங்க. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை ஒட்டிக் கடந்தப்போ, அங்கேயிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அந்த நட்சத்திர வெளிச்சம் கொஞ்ச நேரம் மங்கிச்சு. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதைப் புதிய துணைக்கோள்னு 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. அதே நிகழ்வை கைப்பர் விமான ஆய்வகத்துல இருந்து பார்த்த அமெரிக்கர்களுக்கு, கிரகத்தோட ரெண்டு பக்கமும் மங்கல் பதிவாச்சு. அப்புறம்தான் அது வளையம்னு புரிஞ்சுது. காவலூர் அளவீட்டுல தப்பே இல்லை. நிழலுக்கு வெச்ச பேருதான் வேற!

இதே வம்பு நுரையீரல் ஸ்கேன்லயும் உண்டு. 'பல்மனரி வீனோ ஆக்லூசிவ் டிசீஸ்'னு ஒரு நோய். 1934-ல் ஹோரா என்ற ஜெர்மன் மருத்துவர் முதன்முதலா விவரிச்சார். பத்து லட்சம் பேர்ல ஒருத்தருக்குக்கூட வராத அளவுக்கு அபூர்வம். நுரையீரல்ல இருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோற சின்னச் சின்ன சிரைகள் அடைச்சுக்கும். மூச்சு வாங்கும், வலது இதயம் திணறும்.

சிடி ஸ்கேன்ல மெல்லிய கோடுகள், பனிமூட்டம் மாதிரி திட்டுகள், வீங்கின நெறிக்கட்டிகள் தெரியலாம். கோட்டைப் பார்த்தா இதயக் கோளாறால நீர் கோத்திருக்குன்னு தோணும். நெறிக்கட்டியைப் பார்த்தா நம்ம ஊர்ல டிபி நினைப்புதான் முதல்ல வரும். எரர் மெசேஜ் ஒண்ணு, காரணம் நாலு! சிலருக்கு இந்த மூணும் தெளிவா தெரியாது. அப்போ தமனி சுருங்குற நோய்னு முடிவு பண்ணிடுவாங்க.

ஆபத்து அங்கதான். தமனியை விரிக்கிற மருந்து கொடுத்தா, மதகைத் திறந்துவிட்டு கீழே வாய்க்காலை அடைச்ச கதை. ரத்தம் உள்ளே பாயும், வெளியேற வழியில்லாம நுரையீரல்ல நீர் கோத்துக்கும். உயிரே போகலாம்.

சதையை வெட்டி சோதிக்கிறதும் இவங்களுக்கு ரிஸ்க். அதனால சிடியோட நிறுத்தாம ரத்த ஆக்சிஜன், நுரையீரல் வாயு கடத்தும் திறன் ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும். இந்த நோயில் ரெண்டுமே ரொம்பக் குறைஞ்சிருக்கும். இஐஎஃப்2ஏகே4 என்ற மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 2014-ல் தெரிய வந்தது. அதோட ரெண்டு பிரதியும் பழுதுன்னு தெரிஞ்சா வெட்டாமலே நோய் உறுதி. நிரந்தரத் தீர்வு நுரையீரல் மாற்று மட்டும்தான். அதனால சரியான பேர் சீக்கிரம் கிடைக்கணும்.

வீட்ல யாருக்காவது நுரையீரல் ரத்தக்குழாய் மருந்து ஆரம்பிச்சதும் மூச்சுத்திணறல் கூடினா, 'போகப்போக சரியாகும்'னு இருக்காதீங்க மக்களே. அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க. எந்த ஸ்கேனும் காட்டாததை அந்தத் தகவல் காட்டிக் கொடுக்கலாம்.