ஆவாரம்பூவும் எலியும்

பேரணாம்பட்டுப் பழையவர்களுக்கு ஆவாரை என்றால் முதலில் ஞாபகம் வருவது தோல்தான். வாட்டில் பட்டையும் குரோமும் வருவதற்கு முன் டேனரித் தொட்டிகளில் தோலோடு ஊறியது ஆவாரம்பட்டை. அதன் துவர்ப்பு தோலில் ஏறினால் தோல் அழுகாது. கடைசியில் கடுக்காய் போட்டு முடிப்பார்கள்.

இன்று பட்டையைக் கேட்பாரில்லை, பூவுக்குத்தான் கிராக்கி. சர்க்கரைக்காரர் இருக்கும் வீடுகளில் ஆவாரம்பூக் கஷாயம் சாதாரணம். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று பழமொழியே இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர், எழுபதைத் தாண்டியவர், மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறினார். "எலிக்குக் கொடுத்தே நிரூபிச்சுட்டாங்க சார்" என்றார். நாலு மாதத்தில் சர்க்கரை 400-ஐத் தாண்டியது. காலில் வந்த புண் ஆறாமல் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அவர் சொன்ன எலிக் கதை பொய்யல்ல. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாரி, லதா என்ற இருவர் செய்த ஆய்வு அது. 2002-இல் சிங்கப்பூர் மருத்துவ இதழில் வந்தது. ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தை ஊசியாகப் போட்டு எலிகளுக்குச் சர்க்கரை நோயை உண்டாக்கினார்கள். பிறகு ஆவாரம்பூவின் நீர்ச்சாற்றை 30 நாள் வாய்வழி கொடுத்தார்கள். கிலோ எடைக்கு 0.45 கிராம் கொடுத்தபோது சர்க்கரை நன்றாகக் குறைந்தது. கிளிபென்கிளமைடு மாத்திரையைவிடக்கூட நல்ல பலன்.

பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். அந்த ஊசி எலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழிக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு வருவது வேறு வகை: இன்சுலின் இருந்தும் உடம்பு அதைச் சரியாகக் கேட்பதில்லை. எலிக்கு 30 நாள். நமக்கோ 30 வருடம். எலிக்குக் கொடுத்த அளவை நம் எடையால் பெருக்கி நமக்கு அளவு சொல்லவும் முடியாது, சின்ன உடம்பின் வேகமே வேறு. நம் டம்ளரில் எத்தனை கிராம் சாறு இறங்குகிறது என்று யார் நிறுத்துப் பார்த்தோம்?

நாம் விழுங்கும் மெட்பார்மினுக்கும் ஒரு செடிதான் மூதாதை. ஐரோப்பாவின் கலேகா என்ற செடி அது. ஆடு மாடு மேய்ந்தால் விஷம். அந்தச் செடியில் இருந்த பொருளின் உறவில் செய்த மருந்தைப் பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் விலங்குகளில் சோதித்து, பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்து, 1957-இல் முடிவை வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் குளூகோபாஜ். நான் பிரெஞ்சில் படித்தவன். 'சர்க்கரைத் தின்னி' என்று அர்த்தம் சொல்வேன். செடிக்கும் மாத்திரைக்கும் நடுவே இருந்தது அளவும், விஷ நீக்கமும், மனிதர்மேல் சோதனையும். எலி அந்த வழியில் முதல் படிதான்.

மூலிகைதானே, கெடுதல் செய்யாது என்பார்கள். வேலை செய்யும் பொருள் எதுவும் மற்ற மருந்தோடு மோதலாம். இலங்கையில் ரணவரா என்று தேநீர்போல் குடிப்பது நம் ஆவாரைதான். அங்கே 2004-இல் வெளியான எலி ஆய்வில், வலிப்புக்குத் தரும் கார்பமசபைனோடு அதைக் கொடுத்தபோது ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறிவிட்டது.

கஷாயம் பிடித்தால் குடியுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, சாப்பிடும் மருந்துகளின் பட்டியலில் ஆவாரம்பூவையும் எழுதிக்கொண்டு போங்கள்.