சூடாகாத ட்ரையரும் ஓர் உருகியும்

மகளின் பிள்ளைப்பேற்றுக்காகப் போன டிசம்பர் விடுமுறையில் கனடா போயிருந்தோம். பேத்தி பிறந்து ஒன்பதாம் நாள், பேஸ்மென்டில் இருந்த உடுப்புக் காய வைக்கும் மெஷின் சூடாவதை நிறுத்திவிட்டது. டிரம் சுற்றுகிறது, காற்றுச் சத்தம் கேட்கிறது, ஒரு மணித்தியாலம் கழித்துத் திறந்தால் துணி போட்ட மாதிரியே ஈரமாகக் கிடக்கிறது.

நம்ம ஊரில் இது ஒரு பிரச்சினையா? கொடியில் போட்டால் லுஹருக்குள் காய்ந்துவிடும். அங்கே வெளியில் மைனஸ் 15. கொடியில் போட்டால் துணி பலகை மாதிரி விறைத்து நிற்கும். பச்சைப் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கும் என்று உம்மாமாருக்குச் சொல்லத் தேவையில்லை.

அது கேஸ் மெஷின். சுற்றுவதும் ஊதுவதும் கறண்ட். சூடு மட்டும் கேஸ். 2021 கடைசியில் நாட்டில் கேஸ் அடுப்புகள் வெடித்த நாட்களில் 12.5 கிலோ சிலிண்டரைக் குசினிக்கு வெளியே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். மெஷினுக்குக் கிட்டப் போகவே பயம். "மாமா, இது சிலிண்டர் கேஸ் இல்ல, ரோட்டால பைப்புல வாறது" என்றார் மருமகன். திருத்துபவருக்குக் கோல் எடுத்தால், நத்தார் விடுமுறை, நாலு நாள் செல்லும் என்றார்கள்.

எங்களில் ஒருவர் தரம் 10க்கு விஞ்ஞானம் படிப்பிப்பவர், மற்றவர் தமிழ். விஞ்ஞானம் படிப்பிப்பவருக்குக் கை சும்மா இருக்குமா? மருமகனும் அவரும் யூடியூபைப் பார்த்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். கேஸ் பைப்பில் கை வைப்பதில்லை, கறண்ட் பக்கம் மட்டும்தான் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். அங்கே கேஸ் வேலைக்கு லைசன்ஸ் உள்ளவர்தான் வர வேண்டும்.

கீழ்ப்பலகையைக் கழற்றினால் பேர்னர் தெரியும். மெஷினை ஓடவிட்டால் முதலில் ஒரு சின்னத் துண்டு செம்மஞ்சளாகப் பழுக்க வேண்டும். அது நன்றாகப் பழுத்த பிறகுதான் வால்வு திறந்து கேஸ் வந்து பற்றும். பழுத்தும் நெருப்பு வரவில்லை என்றால் வால்வைத் திறக்கும் கொயில்களில் சந்தேகம். எங்களுடையதில் அது பழுக்கவே இல்லை. அப்படியென்றால் கறண்டே அங்கு போகவில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தோம். பழுக்கும் துண்டு சரி. காற்று ஊதும் பெட்டியில் திருகியிருந்த சின்ன வெள்ளை உருகி செத்திருந்தது. சூடு அளவை மீறினால் ஒரே ஒரு தரம் அறுந்து போகிற வகை. திரும்பிச் சரியாகாது. புதியது சில டொலர்தான், ஆனால் கடை திறக்க ரெண்டு நாள்.

இனிச் சொல்வது கொஞ்சம் வெட்கமான கதை. ஊரில் பியூஸ் போனால் என்ன செய்வோம்? கம்பியை முறுக்கிப் போடுவோம். அதையே அங்கும் செய்தோம். உருகியைத் தாண்டி ஒரு வயர். மெஷின் நெருப்புப் பிடித்து உடனே சூடானது. மூன்று பேரும் சிரித்தோம். "கடை திறக்கும் வரைக்கும் இப்பிடியே ஓடட்டும்" என்று முடிவெடுத்து, பிள்ளையின் துணியை நிறையப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்க மேலே போய்விட்டோம்.

முக்கால் மணித்தியாலம் கழித்து இறங்கினால், மெஷினின் மேல்தகட்டில் கை வைக்க முடியவில்லை. பேஸ்மென்ட் ஜன்னலெல்லாம் புகார் பிடித்த மாதிரி நீராவி. துணியோ இன்னும் ஈரம். அப்போதுதான் தமிழ் படிப்பிப்பவர் கேட்டார்: "சரி, அந்த உருகி முதலில் ஏன் உருகியது?"

வகுப்பில் ஒரு பிள்ளை முதல் நாளே கேட்கிற கேள்வி. நாங்கள் கேட்கவில்லை.

பிளக்கை இழுத்துவிட்டு வெளியே ஓடினோம். காற்று வெளியே போகிற துவாரத்தைப் பனி மூடியிருந்தது. மண்வெட்டியால் தோண்டினால், மூடித்தகடு நனைந்த பஞ்சோடு உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே, மெஷினுக்குப் பின்னால் இருந்த வெள்ளிநிறக் குழாய் சுவரோடு நசிந்து தட்டையாகிக் கிடந்தது. வந்த அன்று எங்கள் சூட்கேஸ்களுக்கு இடம் எடுக்க அந்த மெஷினைப் பின்னால் தள்ளியவர்கள் வேறு யாருமில்லை, நாங்கள்தான்.

கேஸ் மெஷினில் ஈரக்காற்று மட்டும் அந்தக் குழாயால் போவதில்லை. எரிந்த புகையும் அதே வழியால்தான் போகிறது. வழி அடைபட்டால் மணமில்லாத, கண்ணுக்குத் தெரியாத காபன் மொனொக்சைட் வீட்டுக்குள் திரும்பலாம். அதை இன்றைக்கும் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறோம். பேத்தி தூங்கிய அறை அந்த பேஸ்மென்டுக்கு நேர் மேலே. படியில் இருந்த அலாரம் சத்தம் போடவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அந்தக் குளிரில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

வயரைக் கழற்றிக் குப்பையில் போட்டோம். ரெண்டு நாள் பிள்ளையின் துணியெல்லாம் கதிரைகளிலும் கதவுகளிலும் தொங்கின. பிறகு புது உருகி போட்டோம். ஆனாலும் நாலாம் நாள் ஆள் வந்து பேர்னரைப் பார்த்து, நசிந்த குழாய்க்குப் பதிலாகத் தகரப் பைப் பூட்டிக் கொடுக்கும் வரைக்கும் அதை ஓட்டவில்லை. ஓட்டினால் 35 நிமிடத்தில் மொறுமொறுவென்று காய்ந்து வந்தது.

கனடா, அமெரிக்காவில் இருக்கும் உறவுகள் யாராவது இதை வாசித்தால், ஒரு தரம் வெளியே போய் அந்தத் துவாரத்தில் கை வைத்துப் பாருங்கள். மெஷின் ஓடும்போது காற்று கையில் பலமாக அடிக்க வேண்டும்.

மகளிடம் "பியூஸ் போயிட்டுது மகள், மாத்தியாச்சு" என்று மட்டும்தான் சொன்னோம். வயர் போட்டதை இன்று வரை சொல்லவில்லை. மருமகனும் சொல்லவில்லை என்று நினைக்கிறோம். அவள் எங்கள் பதிவுகளைத் தவறாமல் வாசிப்பவள். இப்போது அங்கே விடியப் போகிறது. கோல் வரும்.