திரும்பி வந்த டிபன் டப்பா

"ரெண்டு புள்ளைங்களைப் பெத்தாச்சு. இனிமே நீ படிச்சு யாருக்கும்மா எழுதிக் காட்டணும்?"

என் மாமியார் இப்படிக் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. 2018-ஆம் வருஷம், ஆடி மாசம். ஒரு கையிலே எம்.எட். விண்ணப்பம், இன்னொரு கையிலே பால் பாத்திரத்தின் இடுக்கி. பெரியவள் நாலாவது, சின்னவன் அப்போதுதான் ஒண்ணாவது சேர்ந்திருந்தான். பி.எட். படிப்பைக் கல்யாணத்துக்கு முன்பே முடித்துவிட்டேன். அப்போதெல்லாம் அது ஒரே வருஷப் படிப்பு. 2015-லிருந்து பி.எட்., எம்.எட். இரண்டுமே இரண்டு வருஷமாகிவிட்டன.

என் வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சியில் ஓர் அரிசி மில்லில் கணக்குப் பார்க்கிறார். அவர்தான், "ரெண்டு வருஷம்தானேம்மா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்று தம் அம்மாவைச் சமாதானப்படுத்தினார். கண்ணை மூடவே நேரமில்லாமல்தான் அந்த இரண்டு வருஷமும் ஓடியது, அது வேறு கதை!

எம்.எட். என்றால் என்ன படிப்பார்கள் என்று அக்கம்பக்கத்தில் பலரும் கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தக் கற்றுக்கொடுப்பது பி.எட். எந்தப் பாடத்தை எதற்காக வைக்கிறோம், எந்த வயதில், எந்த வரிசையில், பிள்ளை கற்றுக்கொண்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது, இதையெல்லாம் யோசிக்கப் பழக்குவது எம்.எட். இதற்குக் 'கலைத்திட்டம்' என்று பெயர். பேரைக் கேட்டதும் பரதநாட்டியம், பாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். என் நாத்தனார் அப்படித்தான் நினைத்தாள்!

முதல் மாதத்திலேயே ரால்ஃப் டைலர் என்ற அமெரிக்கப் பேராசிரியரைப் பற்றிப் பாடம் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 1949-இல் அவர் எழுதிய சின்னப் புத்தகம் ஒன்றைத்தான் இன்றைக்கும் உலகம் முழுக்க ஆசிரியர் கல்லூரிகளில் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதிலே நாலே நாலு கேள்வி. எதற்காகக் கற்பிக்கிறோம்? அதற்கு என்னென்ன அனுபவங்களைத் தரவேண்டும்? அவற்றை எப்படி வரிசைப்படுத்துவது? கடைசியில், நினைத்தது நடந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

எல்லாரும் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது. 'இதைத்தானே நான் தினமும் காலையிலே ஆறரை மணிக்குச் செய்கிறேன்!' என்று தோன்றியது. பிள்ளைக்கு டிபன் டப்பா கட்டுகிற அம்மாவுக்கு இந்த நாலு கேள்வியும் மனப்பாடம் இல்லையா? மத்தியானம் வரைக்கும் பசி தாங்கணும், உடம்புக்கும் ஆகணும் என்பது முதல் கேள்வி. இட்லியா, எலுமிச்சம்பழச் சாதமா என்பது இரண்டாவது. கீழ்த்தட்டில் சாதம், மேல்தட்டில் பொரியல் என்பது மூன்றாவது. சாயங்காலம் பை வந்ததும் டப்பாவைத் திறந்து, காலியா மிச்சமா என்று பார்க்கிறோமே, அது நாலாவது.

இந்த நாலாவது கேள்வியைத்தான் நான் மறந்துபோனேன். எப்படி என்று சொல்கிறேன்.

இரண்டாம் வருஷம் ஓர் ஆய்வு செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். படங்கள் போட்ட அட்டைகளை வைத்துக் கணக்கு நடத்தினால் பிள்ளைகளுக்கு நன்றாக ஏறுகிறதா என்பது என் ஆய்வு. பாடத்துக்கு முன்னால் ஒரு பரீட்சை, பின்னால் ஒரு பரீட்சை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பட்டியல் போடவேண்டும். அதற்காக 2020 ஜனவரியில் கல்வராயன் மலையில் இருக்கும் ஓர் உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போனேன். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி அப்போது இரண்டு மாசம்தான். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, பஸ் வளைந்து வளைந்து மேலே ஏறும்போது காதடைக்கும். காலையில் மாமியாரிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினால், வீடு திரும்ப விளக்கு வைத்துவிடும்.

அங்கே இருக்கிற மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் பேசுவது நம் தமிழ்தான். சாமை, தினை, மரவள்ளி இவைதான் வெள்ளாமை. இந்த மலை ஜாகீர்தார்கள் கையிலிருந்து அரசாங்க நிர்வாகத்துக்கு வந்ததே 1976-இல்தான். வேலை இல்லாத மாசங்களில் பெற்றவர்கள் மிளகு பறிக்கவும் வேறு கூலிக்கும் வெளிமாநிலம் போய்விடுவார்கள். பிள்ளைகள் பள்ளி விடுதியில் இருந்தால்தான் படிப்பு. கூடவே கூட்டிப்போய்விட்டால் படிப்பு அதோடு சரி.

ஏழாம் வகுப்புக்குச் சதவீதம் நடத்தினேன். அட்டைகள் எல்லாம் என் கைப்பட வரைந்தவை. ஜவுளிக்கடையில் 20 சதவீதம் தள்ளுபடி, பாங்கியில் வட்டி, கைப்பேசிக்கு ஆஃபர் என்று பிரமாதமாக இருக்கும். பாடத்தைப் பார்வையிட வந்தவர் 100-க்கு 92 போட்டார்.

அந்தப் பாடத்தின் நடுவிலேதான், மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "டீச்சர், எங்கப்பாவுக்கு இருபத்தாறு பாயிண்ட்டு வந்துச்சு" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பார்வையிடுகிறவர் வேறு பின்னால் உட்கார்ந்திருக்கிறார். மணியோ ஓடுகிறது. "பாடத்தை விட்டு வெளியே பேசக்கூடாது. உட்காரு" என்றேன். சத்தம் போடவில்லை, ஆனால் குரலில் இருந்த எரிச்சல் எனக்கே கேட்டது. இரண்டு பையன்கள் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் வாயைத் திறக்கவே இல்லை.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்தது. அவள் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். விடுதியில் அவள் டிரங்குப்பெட்டி வைத்திருந்த இடம் காலியாக இருந்தது.

கல்லூரியில் எனக்கு வழிகாட்டியாக இருந்தவரிடம் சொன்னேன். "ஒரு பிள்ளைதானே? பின் தேர்வு எழுதாதவங்களைப் பட்டியல்லேருந்து எடுத்துடுங்க. கணக்கு ஒண்ணும் மாறாது" என்றார். அவர் சொன்னதிலே தப்பில்லை. ஆய்வு முறை அப்படித்தான். ஆனாலும் சகோதரிகளே, பஸ்ஸில் வரும்போது என்னவோ போல் இருந்தது. நாற்பது பேரில் ஒருத்தி என்றால் இரண்டரை சதவீதம். அவளைப் பெற்றவளுக்கு?

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு போட்டுக்கொண்டே என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன், பாயிண்ட்டுன்னா உனக்குத் தெரியாதா? மரவள்ளிக் கிழங்குக்கு சேகோ ஆலையிலே பாயிண்ட்டு பார்த்துத்தானே விலை போடுவாங்க!"

அவர்தான் விளக்கினார். கல்வராயன் மலைக் கிழங்கு சின்னசேலம், ஆத்தூர் பக்கத்து ஆலைகளுக்கு வரும். ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் அதிலிருந்துதான். எல்லாக் கிழங்கிலும் மாவு ஒரே அளவு இருக்காது. கொஞ்சம் கிழங்கை எடுத்துக் காற்றில் ஒரு தடவை நிறுப்பார்கள், தண்ணீரில் முக்கி ஒரு தடவை நிறுப்பார்கள். மாவுச்சத்து தண்ணீரைவிட கனமானது. அதனால் மாவு நிறைந்த கிழங்கு தண்ணீருக்குள்ளும் அதிக எடை காட்டும். அதை வைத்து, நூறு கிலோவுக்கு மாவு எவ்வளவு தேறும் என்று சொல்வதுதான் பாயிண்ட். பாயிண்ட் கூடினால் விலை கூடும், குறைந்தால் அந்த வருஷத்துப் பாடு அவ்வளவுதான்.

நூற்றுக்கு இத்தனை! அந்தப் பெண் சதவீதத்தைத்தான் சொல்லியிருக்கிறாள். வகுப்பிலேயே அவள் ஒருத்திக்குத்தான் பாடம் புரிந்திருக்கிறது. அவளைத்தான் நான் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

2005-இல் வந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பின் முதல் கொள்கையே, பள்ளியில் படிப்பதைப் பள்ளிக்கு வெளியே இருக்கும் வாழ்க்கையோடு சேர்க்க வேண்டும் என்பதுதான். அதைப் பரீட்சையில் ஒரு பக்கத்துக்கு எழுதி மார்க்கும் வாங்கியவள் நான். அன்று சாதம் எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் பள்ளியின் சமையலம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெண்ணின் ஊருக்கு நடந்தேன். மண் சுவர் வீடு. வாசலில் மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். நெஞ்சு திக்கென்றது. அவள் அம்மா, "படிப்பு மண்டையிலே ஏறலைங்குது டீச்சரம்மா. நாளைக்கு வேலைக்குப் போறோம், கூடவே கூட்டிக்கிட்டுப் போயிரலாம்னு…" என்று இழுத்தாள். பெண் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு எட்டிப் பார்க்கவே இல்லை.

படிப்பின் பெருமையைப் பேச எனக்கு வாய் வரவில்லை. அவள் அப்பாவிடம், "பாயிண்ட்டுன்னா என்னங்க? எனக்குத் தெரியாது, சொல்லிக் குடுங்க" என்றேன். அவர் சங்கோஜத்தோடு ஆரம்பித்தார். நடுவில் எங்கேயோ ஒரு கணக்குத் தப்பினார். "அப்படி இல்லப்பா!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அப்புறம் ஆளும் வந்தாள். அரை மணி நேரம் அவள்தான் டீச்சர். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

"உன்னை உட்காரச் சொன்னது என் தப்புடா கண்ணு" என்று கடைசியில் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வரக்காபி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திங்கட்கிழமை காலை டிரங்குப்பெட்டி விடுதிக்கு வந்து சேர்ந்தது.

அந்த வாரம் என் வண்ண அட்டைகளை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். சமையல் கூடத்திலிருந்து ஒரு தராசு, ஒரு வாளித் தண்ணீர், பிள்ளைகள் கொண்டுவந்த கிழங்கு. அன்றைக்கு நடந்ததைப் பாடம் என்று சொல்வதா, திருவிழா என்று சொல்வதா! பாயிண்ட்டிலிருந்து சதவீதத்துக்குப் போனோம். சதவீதத்திலிருந்து ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்குப் போனபோது யாருக்கும் சிரமமே இல்லை. தள்ளுபடியைச் சொல்லிக்கொடுத்தது தப்பில்லை, அதிலிருந்து தொடங்கியதுதான் தப்பு.

மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிகளை மூடினார்கள். ஒன்றரை வருஷம் எனக்கு உள்ளூர ஒரு பயம். அந்தச் சமயத்தில் எத்தனை பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு நின்று கழுத்தில் தாலி ஏறியது என்று நாமெல்லாம் கேள்விப்பட்டோமே! 2021 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே திறந்தார்கள். அன்றைக்கே பள்ளிக்குப் போன் செய்தேன். எடுத்தது சமையலம்மா. "வந்துட்டா டீச்சர். உயரமாயிட்டா" என்றார். 2023-இல் அவள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினாள்.

இப்போது நான் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பி.எட். மாணவிகள் இருபது வாரம் பள்ளிகளில் பயிற்சி எடுக்க வேண்டும். கிளம்பும்போது பாடக்குறிப்பில் முதல் வரியாக ஒன்றை எழுதச் சொல்கிறேன்: 'இதைப் பற்றி இந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே என்ன தெரியும்?' கடைசி வரியாக இன்னொன்று: 'இன்று எந்தப் பிள்ளை பேசவில்லை?' பார்வையிடுகிறவர்கள் இதற்குத் தனியாக மார்க் போடுவதில்லை. இருந்தாலும் எழுதத்தான் சொல்கிறேன்.

சாயங்காலம் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தருகிற சகோதரிகளுக்கும் இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. பிள்ளை சம்பந்தமில்லாமல் ஏதோ உளறுவதுபோல் இருந்தால், "பாடத்தைப் பாரு" என்று அதட்டுவதற்கு முன்னால், "அது என்னடா?" என்று ஒரு தடவை கேளுங்கள். அடுப்பில் பால் பொங்கினாலும் பரவாயில்லை. அந்த வாரம் எங்கள் வீட்டில் இரண்டு தரம் பொங்கியது.

மாமியார் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் மலைக்குப் போகிற நாளெல்லாம், "அந்தக் கிழங்குக்காரப் பொண்ணு நல்லாருக்காளா?" என்று அவர்தான் முதலில் கேட்கிறார்.