வீட்டில் இருப்பவருக்கும் வேலை நேரம் உண்டு

படித்த பிள்ளையைக் கொழும்பு இரவு ரெயிலில் ஏற்றிவிடுவது திருகோணமலைத் தாய் தகப்பனுக்குப் பழகிப்போன காரியம். வீதி வழியே ஏறக்குறைய 260 கிலோமீற்றர். சம்பளத்தில் பெரும்பங்கு அறை வாடகைக்கும் கடைச் சாப்பாட்டுக்கும் போகும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதுதான் அந்தப் பிள்ளைகள் பலர் லெப்டொப்போடு ஊர் திரும்பினார்கள். 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடு நின்றபோது, ஜூன் 20 முதல் இரண்டு கிழமைக்கு அரச ஊழியரில் பெரும்பாலானோரையும் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். துறைமுகத்திலும் சீனன்குடா மா ஆலையிலும் நிற்பவர்களுக்கு அந்த வசதி என்றைக்கும் இல்லை.

பிள்ளை ஊரில் இருப்பது பெரிய கொடுப்பினை. தகப்பனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆள் இருக்கிறது, உழைத்த காசு கையில் நிற்கிறது. இதை நான் மனதார வரவேற்கிறேன்.

ஆனால் என் மருமகளைப் பார்க்கிறேன். அவளும் மகனும் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறார்கள். மகன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வான். தேத்தண்ணி உள்ளே போகும். அவளுக்குச் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை. காதில் ஹெட்செட்டோடு கொழும்புக்குக் கணக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருக்கையில், "வீட்டில தானே பிள்ளை இருக்கிறாய், அந்தச் சோத்தை ஒருக்கால் வடிச்சு விடு" என்று குசினியிலிருந்து குரல் வரும். வாசலில் காஸ்காரர் கூப்பிட்டாலும் அவள்தான் எழும்ப வேண்டும். பகலில் இப்படிப் போன நேரத்தை ஈடுசெய்ய இரவு பதினொரு மணிக்கும் அதே மேசையில் இருக்கிறாள்.

நான் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில் எட்டரைக்கும் நாலேகாலுக்கும் இடையில் என்னிடம் யாரும் சோறு வடிக்கக் கேட்டதில்லை. வீட்டு வாசலைத் தாண்டியதே எனக்குப் பாதுகாப்பாக இருந்தது. அவளுக்கு அது இல்லை. ஆகையால் வீட்டார்தான் அதைக் கொடுக்க வேண்டும்: ஒரு அறை, ஒரு கதவு, வேலை முடியும்வரை கூப்பிடாத ஒழுக்கம். சோற்றை மகனும் வடிக்கலாம்.

புதிதாக வேலையில் சேரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். முதல் ஓரிரு வருடம் முடிந்தால் கந்தோருக்குப் போங்கள். கோப்பை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது, கோபமாக வந்த கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்பதையெல்லாம் பக்கத்து மேசை மூத்த எழுதுவினைஞரிடம்தான் நான் பழகினேன். கணினித் திரையில் வேலையைத் தருவார்கள், அந்தக் கைப்பழக்கத்தைத் தருவது கடினம்.

வேலை நேரத்துக்கும் எல்லை கேளுங்கள். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 என்கிறது. வீட்டு மேசையில் இருக்கிறோம் என்பதற்காக அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. நியமனக் கடிதத்தில் ஊழியர் சேமலாப நிதி எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், கம்பனி 12 வீதம். வெளிநாட்டுக்காரருக்கு நேரடியாக இணையத்தில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அந்தப் 12ஐப் போட யாரும் இல்லை. எனக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது. அவர்களுக்கு வராது, டொலர் கைக்கு வரும் இந்த வயதிலேயே ஒரு பங்கை வங்கியில் தனியாக ஒதுக்கத் தொடங்க வேண்டும்.