ஜீப்புக்கு விமான வேஷம்

அமெரிக்காவில் ஜீப் பிரியர்கள் சிலருக்கு ஒரு ஆசை: வண்டியை இரண்டாம் உலகப்போர் விமானம் மாதிரி ஆக்கிவிட வேண்டும்! முகப்பில் சுறா வாய், பக்கவாட்டில் கறுப்பு வெள்ளைப் பட்டை, சாவியில் 'பறக்குமுன் கழற்றவும்' என்ற சிவப்புத் துணி.

சுறா வாய் எதிரியிடம் சுட்ட டிசைன். ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 110-ல் இருந்ததைப் பார்த்து, 1941-ல் வட ஆப்பிரிக்காவில் பிரிட்டனின் 112-வது ஸ்குவாட்ரன் தன் பி-40களில் வரைந்தது. அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்து, பர்மாவில் இருந்த அமெரிக்க 'ஃப்ளையிங் டைகர்ஸ்' வரைந்துகொண்டார்கள். அங்கிருந்துதான் உலகப்புகழ்.

பட்டைகள் விளையாட்டில்லை. 1943-ல் சிசிலியில் நேச நாட்டுக் கப்பல்கள் தங்கள் விமானங்களையே சுட்டு வீழ்த்தின. அதனால்தான் 1944-ல் நார்மண்டிக்குப் போன விமானங்களில் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்புப் பட்டைகள். 'நம்மாள்தான், சுடாதே' என்று அர்த்தம்.

சிலர் எதிரி விமானங்களை வீழ்த்திய குறிகளையும் கதவில் ஒட்டுகிறார்கள். அது வேண்டாமே... ஒவ்வொரு குறிக்குப் பின்னாலும் ஒரு சாவு இருக்கலாம். குண்டுவீச்சு விமானக்காரர்கள் போய்வந்த ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு குண்டு வரைந்தார்கள். ஜீப் ஏறிய ஒவ்வொரு பாதைக்கும் ஒரு குட்டி மலை வரையலாம். ரூபிகானுக்கு ஒன்று, மோவாபுக்கு ஒன்று. அது வண்டி தானே சம்பாதித்தது!