கெடிலம் முதல் கொள்ளிடம் வரை

கடலூர் மாவட்டத்தில் மலை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. கடலூரை ஒட்டிய கேப்பர் மலை, செம்மணற்கல்லால் ஆன தாழ்ந்த மேட்டு நிலம். விருத்தாசலத்துப் பழமலை கோயிலுக்கு அடியில் புதைந்துபோனது என்கிறது தலபுராணம். கண்ணுக்குத் தெரிவது சமவெளிதான். ஆறுகளுக்கு மட்டும் பஞ்சமில்லை. வடக்கே தென்பெண்ணை, அடுத்து கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கு எல்லையில் கொள்ளிடம். பார்க்கத்தக்க இடங்களில் பெரும்பாலானவை இந்த ஆறுகளின் கரையிலோ அவை கடலில் சேரும் இடத்திலோ அமைந்திருக்கின்றன. வெளியூரிலிருந்து வருவோர் காலையில் சிதம்பரம், பிற்பகலில் பிச்சாவரம் என்று ஒரே நாளில் முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆற்றுவழியே போகிறவர்களுக்கு இந்த மாவட்டம் இன்னும் நிறையக் காட்டும்.

கெடிலம் கடலில் சேரும் தேவனாம்பட்டினத்தில் கூட்டம் கூடுவது வெள்ளிக் கடற்கரையில். அதன் அருகில்தான் ஒரு காலத்தில் கோரமண்டல் கரையின் அரசியலையே முடிவு செய்த செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. செஞ்சியில் இருந்த மராட்டியரிடமிருந்து 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இதை விலைக்கு வாங்கியது. பேரத்தை நடத்தியவர் அப்போது சென்னையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல். கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் கம்பெனிக்குச் சேரும் என்பது ஒப்பந்தம். நிலத்தின் எல்லையை அளந்த விதம் விசித்திரமானது. கோட்டையிலிருந்து பல திசைகளில் பீரங்கி வெடித்தார்கள். குண்டு எட்டிய தூரம்வரை இருந்த ஊர்கள் எல்லாம் கம்பெனிக்குப் போயின. கணக்குகளில் அவை குண்டு கிராமங்கள் என்றே பதிவாயின. பக்கத்திலுள்ள குண்டு உப்பலவாடியின் பெயரில் அந்தப் பீரங்கி இன்னும் ஒலிப்பதாகச் சொல்வார்கள்.

1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது கம்பெனியின் தலைமையிடம் இங்கே மாறியது. 1752 வரை இங்கேயே இருந்தது. சென்னையிலிருந்து தப்பிவந்த இளம் எழுத்தர்களில் ஒருவரான ராபர்ட் கிளைவ், பத்து ஆண்டுகள் கழித்து இதே கோட்டையின் ஆளுநரானார். 1758-ல் லாலி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை கோட்டையைக் கைப்பற்றி இடித்துத் தள்ளியது. 1783 ஜூனில் ஆங்கிலேயர் ஒருபுறமும் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் மறுபுறமுமாகக் கடலூரில் மீண்டும் மோதினார்கள். ஐரோப்பாவில் அதே ஆண்டு ஜனவரியிலேயே பூர்வாங்க சமாதானம் கையெழுத்தாகியிருந்தது. செய்தி கப்பலேறி வந்து சேர்வதற்குள் இங்கே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நடந்த இடத்தில் இன்று எஞ்சியிருப்பது கொஞ்சம் இடிபாடு. கோட்டையைக் கற்பனையில் கட்டிக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கே இந்த இடம் பயன்படும். பழைய கடலூரின் சாயலைக் காண முதுநகர்ப் பக்கம் போகலாம். ஓ.டி. என்று உள்ளூரில் சொல்லப்படும் அந்தப் பகுதியில்தான் மீன்பிடித் துறைமுகமும் இருக்கிறது.

ஊர் நடுவில் திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் கோயில். கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர், அந்தக் கல்லே தெப்பமாகக் கரையேறியது இங்கே என்பது சைவ மரபு. அந்த நிகழ்ச்சியின் பெயரையே தாங்கி, கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊர் இருக்கிறது. கேப்பர் மலை மத்திய சிறைக்கும் ஒரு நினைவு உண்டு. புதுச்சேரியிலிருந்து வெளியேறிக் கைதான பாரதியார் 1918 நவம்பர், டிசம்பர் மாதங்களில் கடலூர்ச் சிறையில் இருந்தார்.

கெடிலத்தை எதிர்த்து மேற்கே போனால் திருவந்திபுரம். வேதாந்த தேசிகர் நெடுங்காலம் வாழ்ந்த வைணவத் தலம்; எதிரே ஔஷதகிரி என்ற சிறு குன்றில் 74 படிகள் ஏறினால் ஹயக்கிரீவர். மாவட்டத்தில் ஏறிப் பார்க்கத்தக்க உயரம் என்றால் இதுதான். பண்ருட்டியை ஒட்டிய திருவதிகை, சிவன் திரிபுரம் எரித்ததாகச் சொல்லப்படும் அட்டவீரட்டத் தலம். சமணத்திலிருந்த அப்பரைத் தமக்கை திலகவதியார் சைவத்துக்கு மீட்டதும் இங்கேதான். பண்ருட்டிச் சந்தையில் பலாவும் முந்திரியும் குவியும். 2011 டிசம்பர் 30-ல் கரை கடந்த தானே புயல் இந்தப் பக்கத்துத் தோப்புகளை அடியோடு சாய்த்துவிட்டது. ஒரு பலா காய்ப்புக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பதை நினைத்தால், இன்று சந்தையில் கிடக்கும் பழத்தின் மதிப்பு தெரியும்.

தெற்கே வடலூர். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த 80 காணி நிலத்தில் வள்ளலார் 1867-ல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசியோடு யார் வந்தாலும் சாப்பாடு உண்டு, சாதி மதம் கேட்பதில்லை. 1872-ல் திறந்த சத்திய ஞானசபை எண்கோண வடிவக் கட்டடம். தைப்பூசத்தன்று ஏழு திரைகள் நீக்கி ஜோதி காட்டுவார்கள். அன்று ஊர் கொள்ளாத கூட்டம் இருக்கும். கட்டடத்தை நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் வேறு நாளில் வரலாம்.

வடலூரை அடுத்த நெய்வேலியை எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் சேர்ப்பதில்லை. சேர்க்கத்தான் வேண்டும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-ல் அதற்காக நிறுவனம் அமைந்தது. கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர் சொல்லும் பாறைத் தொகுதி கேப்பர் மலையில் வெளியே தலைகாட்டுகிறது; நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே போர்வையாகக் கிடக்கிறது. நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தில் நிற்கும் ஊற்றுநீரை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். சுரங்கத்துக்குள் போக அனுமதி வேண்டும். மண்ணை வாரி வாரிக் குவித்த மேடுகளைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். மலையில்லாத மாவட்டத்துக்கு மனிதர் கொடுத்த மலை அதுதான். அதற்காக இடம்பெயர்ந்த ஊர்களின் கதையும் அந்த மேட்டுக்கு அடியில் இருக்கிறது.

விருத்தாசலத்தில், வெள்ளாற்றின் துணையாறான மணிமுத்தாற்றங்கரையில் விருத்தகிரீசுவரர் கோயில். இங்கே ஆற்றில் போட்ட பொன்னைச் சுந்தரர் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகர் கோயில். நாயக்கர் காலத்து மண்டபத் தூண்களுக்காகவே போய்வரலாம். மாசி மகத்துக்கு இந்தப் பெருமாள் ஊர் ஊராகக் கடந்து கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார். வழியில் கிள்ளை தர்காவில் முஸ்லிம்கள் அவரை வரவேற்று மரியாதை செய்கிறார்கள்.

வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டை, போர்ச்சுகீசியர் முதல் ஆங்கிலேயர் வரை பலரும் வணிகம் செய்த துறைமுகம். 1781 ஜூலை 1-ல் ஐதர் அலியை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் தோற்கடித்தது இதன் அருகில்தான். 1830களில் ஜோசையா ஹீத் இங்கே இரும்பாலை நடத்தினார். இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்தால் ஊர் அறியப்படுகிறது.

பரங்கிப்பேட்டைப் போருக்குச் சில நாட்களுக்கு முன் கூட் இன்னோர் இடத்தில் தாக்குதல் நடத்தித் தோற்றுத் திரும்பியிருந்தார். அது சிதம்பரம் நடராசர் கோயில். பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் அந்த மதில்கள் கோட்டையாகப் பயன்பட்டன. இன்று உள்ளே போகிறவர் முதலில் நிற்க வேண்டிய இடம் கிழக்குக் கோபுர வாசல். நாட்டிய சாத்திரத்தின் 108 கரணங்களும் அதன் உட்சுவர்களில் செதுக்கப்பட்டிருக்கின்றன. பலர் செருப்பு விடும் அவசரத்தில் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வடக்குக் கோபுரம் கிருஷ்ணதேவராயரோடு தொடர்புடையது; அவர் சிலையும் அங்கே உண்டு. பொன் வேய்ந்த சிற்சபையில் நடராசர், பக்கத்தில் திரை மறைத்த சிதம்பர ரகசியம், ஒரே இடத்தில் நின்றபடி கோவிந்தராசரையும் வணங்கலாம் என்ற அமைப்பு, பூசை உரிமை பெற்ற பொதுதீட்சிதர்கள் என எல்லாவற்றிலும் இந்தக் கோயில் தனி வழி. ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும் பெருவிழாக்கள். அந்த இரு விழாக்களிலும் மூலவரே தேரேறி வீதிக்கு வருவது வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காதது. கோயிலை விட்டு வெளியே வந்தவர்கள் கத்தரிக்காய்க் கொத்சு சாப்பிடாமல் ஊர் திரும்புவது நட்டம்.

கோயிலின் தலமரம் தில்லை. அந்த மரத்தைக் காடாகப் பார்க்கக் கிழக்கே பிச்சாவரம் போக வேண்டும். கிளையை ஒடித்தால் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, படகோட்டிகள் அதன் பக்கம் கைநீட்ட விடமாட்டார்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஏறக்குறைய 1,100 ஹெக்டேர் பரப்புள்ள இந்த உப்பங்கழிக் காட்டை உள்ளூரில் சுரபுன்னைக் காடு என்பார்கள். வாய்க்கால் ஓரங்களில் சுரபுன்னை தன் தாங்குவேர்களை நீரில் ஊன்றி நிற்கிறது. உள்ளே வெண்கண்டல், சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிய மூச்சுவேர்களோடு. எம்.ஜி.ஆர். நடித்த இதயக்கனி இங்கே படமாக்கப்பட்டதை எந்தப் படகோட்டியும் சொல்லத் தவறுவதில்லை.

அவர்கள் சொல்லாத கதை வேறொன்று. ஆங்கிலேயர் காலம் தொடங்கி இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெயில் பட்ட சேறு காய்ந்து அமிழ்ந்து பள்ளமானது. உள்ளே வந்த அலைநீர் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறியது. புதிய கன்று எதுவும் பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதநீர் வந்துபோக வழிசெய்த பிறகே காடு திரும்பியது. 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் திறந்த கரையிலிருந்த ஊர்களைவிடக் குறைவாகச் சேதப்பட்டன. 2022-ல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. மோட்டார் படகு குறுகிய வாய்க்கால்களுக்குள் நுழையாது. துடுப்புப் படகே மேல். காலை வெயில் ஏறுவதற்கு முன் போவது இன்னும் மேல்.

சிதம்பரத்துக்குத் தென்மேற்கே வீராணம். முதலாம் பராந்தகன் காலத்தில், அவன் பட்டப்பெயரான வீரநாராயணன் என்பதைத் தாங்கி உருவான ஏரி. நீளம் சுமார் 16 கிலோமீட்டர். கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக இதற்குத் தண்ணீர் வருகிறது. 2004 முதல் சென்னைக்கும் இங்கிருந்து குழாயில் குடிநீர் போகிறது. பத்தாம் நூற்றாண்டுச் சோழன் வெட்டிய ஏரியால் இருபத்தோராம் நூற்றாண்டு நகரம் தாகம் தீர்த்துக்கொள்கிறது. கல்கியின் பொன்னியின் செல்வன் தொடங்குவதும் இந்தக் கரையில்தான். அந்த நாவலின் மையப் புதிரான ஆதித்த கரிகாலன் கொலைக்குக் கல்வெட்டுச் சான்று, ஏரிக்கு அருகே காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. கொலையில் தொடர்புடைய ரவிதாசன் முதலானோரின் சொத்தையும் அவர்கள் உறவினர் சொத்தையும் பறிமுதல் செய்ததைப் பற்றிய முதலாம் ராசராசன் காலக் கல்வெட்டு அது. நாவலைப் பலமுறை படித்தவர்களில்கூட இந்தக் கல்லைப் பார்த்தவர்கள் குறைவு. நாதமுனிகளும் ஆளவந்தாரும் பிறந்த காட்டுமன்னார்கோயிலில் வீரநாராயணப் பெருமாள் கோயிலும் உண்டு.

அங்கிருந்து சிறிது தூரத்தில் மேலக்கடம்பூர். குதிரையும் சக்கரமும் பூட்டிய தேர் வடிவில் கருவறை அமைந்த கரக்கோயில். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் கற்றளியானது. வங்காளத்துப் பால மரபைச் சேர்ந்த, காளைமேல் ஆடும் பத்துக் கை நடராசர் செப்புத் திருமேனி இங்கே இருக்கிறது. வடபுலத்துச் சிற்பியின் சிவன் தில்லைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து குடியேறியிருப்பதை நேரில் பார்க்க வேண்டும்.

பயணத்துக்கு ஏற்ற காலம் ஜனவரியும் பிப்ரவரியும். ஐப்பசி, கார்த்திகையில் புயலும் வெள்ளமும் வழக்கம். 2015 நவம்பர் மழையில் மாவட்டம் தத்தளித்தது. தை மாதத்தில் வீராணத்தில் தண்ணீர் இருக்கும், பறவைகளும் இருக்கும். பல ஆண்டுகளில் கோடையில் ஏரி வறண்டு தரை தட்டிவிடும்; அப்போது பண்ருட்டியில் பலாப்பழம் வந்திருக்கும்.